ஒரே ஜாடியில் இரண்டு ஆறுகள்

முப்பத்தோரு ஆண்டுகள் நான் பழைய காகிதங்களை ஒழித்துக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை. என் துறைக்கு ஆவணக் கட்டுப்பாடு என்று பெயர். மாத்திரை எப்படிச் செய்ய வேண்டும், பாத்திரத்தை எப்படிக் கழுவ வேண்டும், கழுவியதை யார் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அங்கே எழுதி வைத்த நடைமுறை உண்டு. ஒரு நடைமுறையின் புதுப் பதிப்பு வெளிவந்த காலையில் பழைய பதிப்பின் ஒரு பிரதிகூட ஆலைக்குள் இருக்கக் கூடாது. எவனாவது மேசை இழுப்பறையில் பழையதை வைத்துக்கொண்டு அதன்படி பாத்திரம் கழுவினால் அதற்கு விலகல் என்று பெயர். விலகலுக்கு ஓர் அறிக்கை உண்டு. அறிக்கையில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் 'மனிதத் தவறு' என்று எழுதி வந்த எல்லா அறிக்கைகளையும் நான் திருப்பி அனுப்பினேன். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பது செய்தி அல்ல, ஏன் செய்தாய் என்று எழுது என்பேன். ஓய்வு பெற்ற நாளில் எனக்கு கேக் வெட்டினார்கள். வழக்கத்தைவிடப் பெரிய கேக்.

அதன் பிறகு மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் சும்மா இருந்தேன். மூன்றாவது வாரம் மளிகை அலமாரியில் எல்லா டப்பாவுக்கும் சீட்டு ஒட்டினேன். நிரப்பிய தேதி, நிரப்பியவர் கையெழுத்து. என் கணவருக்கும் எனக்கும் ஒரே கையெழுத்துப் பட்டியல்.

"ஏம்மா, எங்கயாவது போய் வாலன்டியர் பண்ணேன். எனக்காகக் கேக்கல. இந்த மஞ்சத்தூளுக்காகக் கேக்கறேன். பாவம், அதுக்கு ஒண்ணுமே புரியல" என்றார் அவர்.

இடம் காட்டியவர் எடிசனில் இருக்கும் ஒரு சிநேகிதி. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர், நான் திருப்பி அனுப்பிய அறிக்கைகளை முகம் சுளிக்காமல் திருத்தி அனுப்பிய ஒரே ஆள். அவருடைய மகள் அரை மணி நேரத் தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நண்டுகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அங்கே உள்ள விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஜாடிகளுக்குப் புதுச் சீட்டு எழுத ஆள் வேண்டும் என்றார். என்னைக் காட்டிலும் பொருத்தமான ஆள் இந்த மாநிலத்தில் இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

நிலவறை. ஜன்னல் கிடையாது. வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் கண்ணாடி ஜாடிகள், ஜாடிகளில் எத்தனால், எத்தனாலில் நண்டுகள். உயிரோடு இருந்தபோது என்ன நிறமோ, இப்போது எல்லாமே வெளிறிப்போன தேநீர் நிறம். அத்தனையும் ஆப்பிரிக்காவின் நன்னீர் நண்டுகள். நண்டு என்றால் கடல் என்று நினைப்பவர்களுக்கு: ஆறுகளிலும் மலை ஓடைகளிலும் பிறந்து, வளர்ந்து, கடலைப் பார்க்காமலே சாகும் நண்டுகள் நிறைய உண்டு. நம் பக்கத்து வயல் நண்டும் அந்தக் கூட்டத்தில் தூரத்து உறவுதான்.

அங்கே சேகரிப்புக்குப் பொறுப்பாளர் ஓர் அமெரிக்கர். அறுபதை நெருங்குபவர், எந்தப் பருவத்திலும் ஒரே பழுப்பு ஸ்வெட்டர். முதல் நாள் ஒரு தட்டு நிறைய நண்டுகளைக் கொடுத்து ஆண் எது, பெண் எது என்று பிரிக்கச் சொன்னார். பாதி நாள் ஆகும் என்று எண்ணியிருப்பார் போல. பத்து நிமிடத்தில் முடித்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சமைப்பேன் என்றேன். எடிசனில் மீன் கடையில் நண்டு வாங்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணும் நண்டைத் திருப்பி அடிவயிற்றைப் பார்க்காமல் பைக்குள் போட மாட்டாள். அங்கே ஒரு மடல் மடங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். குறுகலாக இருந்தால் ஆண். அகலமாக, வட்டமாக இருந்தால் பெண். கடைக்காரன் ஏமாற்றுவான் என்பதற்காகக் கற்றுக்கொண்டது.

சிநேகிதியின் மகள் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தாள். ஒன்பது வயதில் அமெரிக்கா வந்தவள். வேலை விஷயத்தை ஆங்கிலத்தில் பேசுவாள். மற்றதையெல்லாம் அம்மாவின் தமிழில்.

"ஆன்ட்டி, அந்த மடலைத் தூக்கிப் பாத்திருக்கிறீங்களா? உள்ளுக்க என்ன இருக்கு எண்டு?"

"குழம்புக்கு அது தேவைப்படலையேம்மா."

"எங்களுக்கு அதுதான் தேவை."

ஓர் ஊசியால் மடலைத் தூக்கினாள். ஆண் நண்டின் மடலுக்கு அடியில், மெலிந்த குச்சிகள் போல இரண்டு சோடிக் கால்கள். நடப்பதற்கு அல்ல, இணைவதற்கு. ஓடு பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு நண்டுகளை, அந்தக் குச்சியின் நுனியை வைத்துத்தான் வேறு வேறு இனம் என்று முடிவு செய்கிறார்கள். நுனி நேராக இருக்கிறதா, வெளிப்புறம் வளைந்திருக்கிறதா, எந்த இடத்தில் வளைகிறது. முப்பது ஆண்டுகளாக நான் சுத்தம் செய்து குப்பையில் போட்ட பாகத்தில்தான் நண்டின் அடையாள அட்டை இருந்திருக்கிறது.

அவளுடைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் குற்றம் புரியாது.

தான்சானியாவில் ஒரு மலைத்தொடர். அதன் ஓடைகளில் ஒரு நண்டு. போட்டமோனாட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதற்கு இனப்பெயர் வைத்தவர் ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஜாடியைப் பார்த்து வைத்தார். ஜாடியை அனுப்பிய காலனி அதிகாரியின் பெயரை நண்டுக்குச் சூட்டினார். அந்த அதிகாரியும் நண்டைப் பிடித்திருக்க மாட்டார், பிடிக்கச் சொல்லியிருப்பார். அதன் பிறகு அந்த மலையின் எந்தப் பக்கத்தில் எந்த நண்டு கிடைத்தாலும் அதே பெயரை எழுதி ஜாடியில் போட்டார்கள். ஆகவே வரைபடத்தில் அந்த நண்டு மலையின் இரண்டு பக்கமும் பரவியிருந்தது.

இதைத்தான் அவள் மறுத்தாள். கடல் நண்டின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத புழுவாக நீரோட்டத்தில் எங்கெங்கோ மிதந்து போகும். நன்னீர் நண்டுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. முட்டைக்குள்ளேயே முழு நண்டாகி, தாயின் மடலுக்கு அடியில் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்து, பிறந்த ஓடையிலேயே இறங்கிவிடும். மலைமுகட்டைத் தாண்டி அடுத்த ஆற்றுக்குப் போவது அதற்கு நமக்கு அட்லாண்டிக்கை நீந்துவது மாதிரி. எனவே கிழக்குச் சரிவின் ஆற்றில் இருப்பது வேறு, மேற்குச் சரிவின் ஆற்றில் இருப்பது வேறு. கிழக்கு நண்டின் இணைவுக் காலின் நுனி வெளிப்புறம் வளைந்திருக்கும். ஓட்டின் முன்விளிம்பில் கூடுதலாக ஒரு சிறு பல் இருக்கும். அது இதுவரை பெயரிடப்படாத இனம். அதற்குப் பெயர் வைப்பதுதான் அவளுடைய கட்டுரை. கட்டுரை வெளிவந்தால் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இங்கே அவளுடைய உதவித்தொகை மே மாதத்தோடு முடிகிறது.

நம் ஆட்கள் நடுவே இதற்கு என்ன மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் ஓர் ஆன்ட்டி அவளைப் பிடித்து நிறுத்தினார்.

"டாக்டரேட்டா? எதுலம்மா?"

"நண்டில ஆன்ட்டி."

"அடடா. எங்க வீட்டு ஃப்ரீசர்ல ஒரு நண்டு ரெண்டு மாசமா ஜில்லுனு படுத்துருக்கு. வந்து பல்ஸ் பாக்கறியா?"

"அதுக்கு டூ லேட் ஆன்ட்டி. ஆனா அது ஆணா பெண்ணா எண்டு சொல்லுவன்" என்றாள். தட்டில் கட்லெட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய அம்மா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி நான் செய்தது.

பொறுப்பாளர் முதல் நாளே எனக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். இரண்டே பக்கம். நாற்பது பக்கத்துக்குக் குறைந்த நடைமுறை எதையும் நான் மதித்ததில்லை. பதிப்பு எண் இல்லை, ஒப்புதல் கையெழுத்து இல்லை, பக்க எண்கூட இல்லை. முதல் பக்கத்தை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தை, இது எனக்குத் தெரியாததா என்று மடித்து வைத்தேன்.

வேலை சுலபம். ஜாடியைத் திறந்து, உள்ளே எத்தனாலில் ஊறிக் கிடக்கும் பழைய சீட்டை எடுத்து வாசித்து, கெட்டுப்போகாத காகிதத்தில் புதுச் சீட்டு எழுதி உள்ளே போட வேண்டும். எங்கே பிடித்தது, யார் பிடித்தது, எப்போது. நான் எழுதினேன். புதுப் பதிப்பு வந்துவிட்டது. பழைய பதிப்பை என்ன செய்வது என்று என் கைக்கு முப்பத்தோரு ஆண்டுகளாகத் தெரியும். ஒவ்வொரு ஜாடிக்கும் பழைய சீட்டில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் என் நீல நோட்டில் நகல் எடுத்துக்கொண்டு, கூழாகிக் கிடந்த அந்தக் காகிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டேன். நோட்டில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

பதினோரு ஜாடிகள் முடிந்த பிறகு, ஒரு நாள் மதிய உணவின்போது, வாசிக்க வேறு எதுவும் இல்லாததால் அந்த இரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன். மூன்றாவது வரி: பழைய சீட்டுகள் எந்த நிலையில் இருந்தாலும் ஜாடியை விட்டு வெளியே போகக் கூடாது. புதுச் சீட்டு பழையதன் இடத்தில் அல்ல, பழையதன் பக்கத்தில்.

என் தொழிலில் பழைய பதிப்பு ஆபத்து. இவர்கள் தொழிலில் பழைய பதிப்புதான் சாட்சி. சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தேன். அன்று மதியத்திலிருந்து பழைய சீட்டுகளை ஜாடியிலேயே விட்டேன். பதினொன்றைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நகல் நோட்டில் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே சமாதானத்தை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவருக்கு நான் ஒரு நாள் பயிற்சி வகுப்பு எழுதிக் கொடுத்திருப்பேன்.

இரண்டு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை.

போன குளிர்காலத்தில் அவளுடைய கட்டுரை மதிப்பீட்டாளர்களிடமிருந்து திரும்பி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"ஒரு ஆள் ஓகே எண்டுட்டார். மற்ற ஆள் பிரச்சினை. நானூற்றுப் பன்னிரண்டாம் ஜாடியாம்."

அந்த ஆளின் வாதம் நேர்மையானது. நானூற்றுப் பன்னிரண்டில் பன்னிரண்டு ஆண் நண்டுகள். ஏழு கிழக்கு வகை, ஐந்து மேற்கு வகை. ஆனால் இடம் ஒன்றே: மேற்குச் சரிவில் ஓர் ஓடை. ஒரே ஓடையில், ஒரே நாளில் இரண்டு வகையும் கிடைத்திருக்கிறது என்றால், மலை இரண்டையும் பிரிக்கிறது என்ற வாதம் எங்கே? இது ஒரே இனத்துக்குள் இருக்கும் சாதாரண வேறுபாடுதான். ஆசிரியர் இதை விளக்க வேண்டும், அல்லது புது இனம் என்ற கோரிக்கையைக் கைவிட வேண்டும். ஆறு வாரம் அவகாசம்.

"நாலு மாசமா இந்த ஜாடிதான் ஆன்ட்டி என்னைச் சாப்பிடுது. நான் அனுப்பேக்கயே பயந்தனான். எப்பிடி இந்தக் கிழக்கு நண்டுகள் மேற்கில வந்தது எண்டு விளங்கேல்லை."

நான்கு மாதமாக ஏதோ ஒரு ஜாடி அவளை வதைக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த ஜாடி என்று நான் கேட்டதில்லை.

ஜாடியைக் கொண்டுவந்து திறந்தாள். நண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். ஏழு நண்டுகளின் பின்காலில் வெள்ளைப் பருத்தி நூல் கட்டியிருந்தது. ஐந்தில் இல்லை. நூல் கட்டியவை ஏழும் கிழக்கு வகை.

"இந்த நூல் எனக்கு முந்தியே தெரியும். பிடிச்ச ஆள் ஏன் கட்டினவர் எண்டுதான் தெரியேல்லை. ஜாடி தட்டுப்பாடு எண்டா ரெண்டு ஆத்து நண்டையும் ஒரே ஜாடியில போட்டுட்டு, ஒரு குழுவுக்கு நூல் கட்டுவினம். அப்பிடி எண்டா லேபிள் ரெண்டு இருக்கோணும். இதில ஒண்டுதான். அதுவும் நீங்கள் எழுதினது மட்டும்." நிமிர்ந்து பார்த்தாள். "பழைய லேபிள் இல்லையே ஆன்ட்டி. முந்தியே கரைஞ்சு போச்சுதா?"

"பாக்கறேன்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நீல நோட்டை எடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. முதல் சீட்டின் நான்கு வரிகளும் நகல் எடுக்கப்பட்டிருந்தன: மலையின் பெயர், பிடித்தவரின் பெயர், மாதமும் ஆண்டும், மேற்குச் சரிவின் ஓடை. அதற்குக் கீழே என் அழகான கையெழுத்தில் ஒரு வரி: 'இரண்டாம் சீட்டு: முதல் சீட்டின் பிரதி. அழிக்கப்பட்டது.'

அது பிரதியாக இருந்திருக்கவே முடியாது என்று இப்போது தெரிகிறது. முதல் மூன்று வரிகள் ஒன்றாக இருந்திருக்கும். அதே மலை, அதே ஆள், அதே மாதம். நான்காவது வரிதான் வேறாக இருந்திருக்கும். பென்சில் மங்கியிருந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்திருக்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு ஆவணம் என்றால் ஒன்று தேவையில்லாதது என்று என் கண் மூன்று வரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கணவர் சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒலியைக் குறைத்தார், எங்கள் வீட்டில் அது பெரிய மரியாதை.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஸ்வெட்டர்காரருக்கு?"

"தெரியாது."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்கு."

"நீ ரிட்டயர் ஆயிட்டேம்மா."

"நோட்டுல எழுதியிருக்கேன்."

"உன்ன யாரு எழுதச் சொன்னா? தப்புப் பண்றவன் எவனாவது தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுப் பண்ணுவானா?" ரிமோட்டைக் கீழே வைத்தார். "சொல்லலேன்னா அவளுக்கு என்ன ஆகும்?"

"நண்டுக்குப் பேரு போகும். கலிஃபோர்னியா வேலை போகும்."

"சொன்னா?"

"நான் ரெண்டு வருஷம் மறைச்சது தெரியும். அவ அம்மா என் சிநேகிதி."

"சரி, எழுது. எப்படியும் எழுதத்தான் போற. டீக்கு அப்புறம் எழுது" என்று ஒலியைக் கூட்டினார்.

படிவம் எதுவும் அங்கே கிடையாது. ஆகவே பழைய நிறுவனத்தின் விலகல் அறிக்கையை நினைவிலிருந்து வரைந்துகொண்டேன். என்ன நடந்தது: எழுதினேன். எப்போது: எழுதினேன். எத்தனை ஜாடிகள் பாதிக்கப்பட்டன: பதினொன்று, பத்தின் முழு நகல்கள் இணைப்பில். மூல காரணம்: 'மனிதத் தவறு' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கை தானாக அதை அடித்தது. 'போதிய பயிற்சி இல்லை' என்று எழுதினேன். பயிற்சி இரண்டாம் பக்கத்தில் இருந்தது, வாசிக்காமல் மடித்து வைத்தவள் நான். அதையும் அடித்தேன். மூன்றாவது முறை ஒரு முழு வாக்கியம் வந்தது: 'சீட்டு எழுதியவர், தனக்கு இது ஏற்கெனவே தெரியும் என்று நினைத்ததால், நடைமுறையையும் வாசிக்கவில்லை, சீட்டின் நான்காம் வரியையும் வாசிக்கவில்லை.' இந்த வாக்கியத்தை யாராவது எனக்கு அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். முப்பத்தோரு ஆண்டில் யாரும் அனுப்பவில்லை.

வியாழக்கிழமை இருவரையும் உட்கார வைத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். பொறுப்பாளர் இரண்டு முறை வாசித்தார். ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை ஏற்றினார், பிறகு இறக்கினார். இனி நான் சீட்டு எழுதக் கூடாது, ஜாடிகளில் எத்தனால் குறைந்திருந்தால் நிரப்பலாம் என்றார். நியாயமான தீர்ப்பு. நானாக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

அவர் போன பிறகு அவள் காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நான் நாலு மாசம் இதோட மாரடிச்சனான் ஆன்ட்டி."

"தெரியும்."

"நீங்கள் பக்கத்து மேசையிலதான் இருந்தனீங்கள்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிறகு அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது.

"நாலாவது வரி. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. கிழக்கு எண்டு இருந்ததா? ஆத்தின்ர பேர் ஏதும்? அப்பிடி இருந்தது எண்டு நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தா எல்லாம் முடிஞ்சுது. ஏழு நண்டும் எனக்கு. வடிவான ஆண் நண்டு ஒண்டு அதுக்குள்ள இருக்கு. அதைத்தான் ஹோலோடைப் ஆக்கோணும் எண்டு வச்சிருந்தனான்."

ஹோலோடைப் என்றால் மூலமாதிரி. ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, இந்த ஒரு நண்டுக்குத்தான் இந்தப் பெயர் என்று ஒரே ஒரு உடலைக் காட்ட வேண்டும். சந்தேகம் வரும்போதெல்லாம், இனி என்றைக்கும், எல்லோரும் அந்த உடலிடம்தான் வர வேண்டும்.

கிழக்கு என்று இருந்ததாக நான் சொல்லியிருக்கலாம். அநேகமாக அது உண்மையும்கூட. நூல் சொல்கிறது, இணைவுக் காலின் நுனி சொல்கிறது, மலை சொல்கிறது. எனக்கு மட்டும் நினைவில்லை. மறந்திருந்தால் எப்போதாவது நினைவுக்கு வரும். வாசிக்காதது எப்படி வரும்?

"நான் அந்த வரிய வாசிக்கலம்மா" என்றேன்.

"ஒரு எழுத்துக்கூட?"

"ஒரு எழுத்துக்கூட. ரெண்டு சீட்டு இருந்துதுன்னு சத்தியம் பண்ணுவேன். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

"ஓம். நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்" என்றாள். பாராட்டாகத் தெரியவில்லை.

என் அறிக்கையும் நீல நோட்டின் அந்தப் பக்கத்தின் படமும் மதிப்பீட்டாளருக்குப் போயின. பதில் ஒரு மாதத்தில் வந்தது. இரண்டு சீட்டுகள் இருந்தன என்பதையும், ஆகவே ஜாடி கலப்பு என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். அப்படியென்றால் அந்த ஜாடியை வைத்துத் தான் எழுப்பிய ஆட்சேபமும் நிற்காது. அதே காரணத்தால் அந்த ஜாடியிலிருந்து எதையும் ஆசிரியரும் பயன்படுத்தக் கூடாது. நான் எழுதியிருந்தாலும் இதே தீர்ப்பைத்தான் எழுதியிருப்பேன். அந்த ஆள் எந்த நாட்டில் இருக்கிறாரோ, ஆவணக் கட்டுப்பாட்டில் அவருக்கு நல்ல எதிர்காலம் இருந்திருக்கும்.

கட்டுரை வெளிவந்தது. பெயர் நின்றது. இனத்துக்கு அது வாழும் கிழக்கு ஆற்றின் பெயரையே வைத்தாள். ஆட்களின் பெயர் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தாளாம். மூலமாதிரி, கிழக்கு ஆற்றிலிருந்து வந்த வேறொரு ஜாடியின் நண்டு. சிறியது. இடது கொடுக்கு இல்லை. கொடுக்கு இரண்டும் முழுசாக இருந்த அந்த வடிவான ஆண் நானூற்றுப் பன்னிரண்டிலேயே நூலோடு கிடக்கிறது. இனி உலகத்துக்கு அந்த இனத்தின் முகம் ஒற்றைக் கொடுக்கு நண்டு. கட்டுரையின் வரைபடத்தில் கிழக்கே கரும்புள்ளிகள், மேற்கே முக்கோணங்கள். ஜாடி நானூற்றுப் பன்னிரண்டு வரைபடத்தில் எங்கும் இல்லை. கீழே குறிப்பில் ஒரு வெற்று வட்டம், அதன் எதிரே 'இடம் தெரியாது. சீட்டு இழக்கப்பட்டது' என்று ஒரு வரி. யார் இழந்தது என்று அவள் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

ஜூனில் அவள் கலிஃபோர்னியாவுக்கு, மில்பிடாஸுக்குப் போய்விட்டாள். போவதற்கு முந்தைய ஞாயிறு அவளுடைய அம்மா எங்களை அழைத்தார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சி நண்டும் மீனும் போட்ட ஒடியற் கூழ். மேசையில் எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். அம்மா எனக்கு இரண்டாம் முறை ஊற்றினார்; மூன்றாம் முறை கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்காமலே ஊற்றுவார். அவள் தன் கிண்ணத்திலிருந்த நண்டுத் துண்டைக் கரண்டியால் திருப்பிப் பார்த்தாள்.

"பெண்" என்றாள் பொதுவாக.

"கடைக்காரன் ஆண்னு சொல்லித்தானே குடுத்திருப்பான்" என்றேன்.

"ஓம். லேபிள் அப்பிடித்தான் சொன்னது" என்றாள். என் கணவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அவளுடைய அம்மா கூழைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

இப்போதும் செவ்வாய், வியாழன் போகிறேன். எத்தனால் நிரப்புகிறேன். போன மாதம் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு காகிதம் கொடுத்தார், கெட்டுப்போகாத வகை. நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும், இந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி என்றார். என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பென்சிலால் எழுதினேன்: இந்த ஜாடியில் முதலில் இரண்டு சீட்டுகள் இருந்தன, இரண்டையும் நீக்கியவர் இன்னார், இந்தத் தேதியில், இரண்டாவதை அவர் வாசிக்கவில்லை. என் முழுப் பெயர். கையெழுத்து.

மூடியைத் திறந்து உள்ளே போட்டேன். கொஞ்ச நேரம் மேலே மிதந்தது. பிறகு நனைந்து, நூல் கட்டிய நண்டுகளுக்கும் கட்டாத நண்டுகளுக்கும் நடுவே இறங்கி நின்றது, எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி. திருப்பி வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. பின்னால் வருகிற எவருக்கும் அதை வெளியே எடுக்க அனுமதி கிடையாது. இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி.